குப்ரஸ் குளோரைடு: வெள்ளையாகத் தயாரித்து வெள்ளையாகவே காப்பது எப்படி

குப்ரஸ் குளோரைடு என்ற வெள்ளைத் தாமிரச் சேர்மத்தைத் தயாரிப்பது அரை மணி நேர வேலை. அதைக் கழுவி, உலர்த்தி, பச்சையாகாமல் புட்டியில் அடைப்பதில்தான் மிச்ச நேரம் முழுவதும் போகிறது. பல செய்முறைக் குறிப்புகள் வினையை விரிவாக எழுதிவிட்டு, "கழுவி உலர்த்தவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பொருள் கெடுவது அந்த ஒரு வரியில்தான். அதனால் இங்கே வினையை அளவாகவும், கழுவலை விரிவாகவும் பார்ப்போம்.

கல்லூரி அளவிலான ஆய்வகம், புகை உறிஞ்சும் ஃபியூம் ஹூட், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை ஆகியவை இருப்பதாகக் கொண்டே இது எழுதப்பட்டுள்ளது. வினையில் கந்தக டை ஆக்சைடு வெளிவரும். ஆஸ்துமா உள்ளவர்கள் ஹூட் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

இந்தச் சேர்மம் ஏன் நிலையற்றது

ஒரு மின்சுமை கொண்ட தாமிர அயனி நீரில் தனியாக நிற்காது. இரண்டு அயனிகள் சேர்ந்து, ஒன்று உலோகத் தாமிரமாகவும் மற்றொன்று இரண்டு மின்சுமை கொண்ட குப்ரிக் அயனியாகவும் மாறிவிடும். இதுதான் விகிதச்சிதைவு. குப்ரிக்–குப்ரஸ் இணையின் திட்ட மின்னழுத்தம் சுமார் 0.16 வோல்ட்; குப்ரஸ்–தாமிர இணைக்குச் சுமார் 0.52 வோல்ட். இந்த இடைவெளியிலிருந்து கணக்கிட்டால், சிதைவின் சமநிலை மாறிலி ஏறத்தாழ 10⁶ வருகிறது. அதாவது, சிதைவுதான் ஜெயிக்கும்.

அப்படியிருந்தும் குப்ரஸ் குளோரைடு கையில் கிடைக்கிறது என்றால், அது நீரில் அநேகமாகக் கரையாது என்பதுதான் காரணம். அதன் கரைதிறன் பெருக்கம், அதாவது தெவிட்டிய கரைசலில் குப்ரஸ், குளோரைடு அயனிச் செறிவுகளைப் பெருக்கினால் வரும் எண், சுமார் 1.7 × 10⁻⁷. கரைசலில் குப்ரஸ் அயனி மிகக் குறைவாக இருப்பதால் சிதைவுக்கு ஆள் கிடைப்பதில்லை.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தூய நீரில் குப்ரஸ் குளோரைடைப் போட்டால், சமநிலை வரும்போது குப்ரிக் அயனியின் செறிவு ஏறத்தாழ 0.002 மோலார். ஒரு லிட்டர் தூய நீர் 4 மில்லிமோல், அதாவது 0.4 கிராம் அளவுக்குச் சரக்கைச் சிதைக்க வல்லது. அதே நீரில் 0.024 மோலார் குளோரைடு இருந்தால், குப்ரிக் அயனி நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கழுவும் நீரில் ஏன் அமிலம் சேர்க்கிறோம் என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

அதற்காகக் குளோரைடை அள்ளிப் போட்டால் வேறு சிக்கல். அதிகக் குளோரைடில் இது டைகுளோரோகுப்ரேட் அயனியாகக் கரைந்து வடிநீரோடு போய்விடும். 1 மோலார் குளோரைடில் லிட்டருக்குச் சுமார் 6 கிராம் கரையும். நாம் தயாரிக்கப் போகும் மொத்தச் சரக்கே அவ்வளவுதான்.

இரண்டாவது எதிரி ஆக்சிஜன். ஈரமும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்தால், 4 மோல் குப்ரஸ் குளோரைடு, 1 மோல் ஆக்சிஜன், 4 மோல் நீர் ஆகியவை சேர்ந்து 2 மோல் பச்சை நிறக் கார குப்ரிக் குளோரைடையும் 2 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் தரும். முற்றிலும் உலர்ந்த பொருள் காற்றில் ஓரளவு தாங்கும். அமிலம் கலந்த, காற்று நீக்கிய நீரிலும் தாங்கும். ஈரமாக வடிதாளில் கிடந்து காற்றை உறிஞ்சும்போதுதான் நிமிடக் கணக்கில் கெடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த நிலையைத் தவிர்ப்பதற்காகவே.

வெண்கலச் சிலைகளிலும் பழைய காசுகளிலும் திடீரெனப் பச்சைப் பொடி பூக்கும் "வெண்கல நோய்" இதே வினைதான். உலோகத்துக்கும் களிம்புக்கும் இடையே ஒளிந்திருக்கும் குப்ரஸ் குளோரைடு ஈரக் காற்றில் அமிலத்தை வெளியிடும். அந்த அமிலம் அடியிலுள்ள தாமிரத்தை அரித்து மீண்டும் குப்ரஸ் குளோரைடை உண்டாக்கும். காப்பகங்களில் இத்தகைய பொருள்களை 40 சதவீதத்துக்குக் கீழான ஒப்பு ஈரப்பதத்தில் வைக்க முயல்வது இதனால்தான். கனிமமாக இதற்கு நாண்டோகைட் என்று பெயர். சிலி நாட்டின் நாண்டோகோ என்ற இடத்தின் பெயரால் வந்தது.

தேவையானவை

குப்ரிக் குளோரைடு டைஹைட்ரேட் 10 கிராம். நீரற்ற சோடியம் சல்பைட்டு 7.6 கிராம், கழுவலுக்குத் தனியாக 1 கிராம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 மி.லி. உறை அசிட்டிக் அமிலம் 45 மி.லி., நீரற்ற எத்தனால் 45 மி.லி., டைஎத்தில் ஈதர் 30 மி.லி. கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்த வாலை வடிநீர் 1.1 லிட்டர். கருவிகளில் 1 லிட்டர் பீக்கர் இரண்டு, கலக்கி, மூன்றாம் எண் நுண்துளைக் கண்ணாடி வடிகட்டி, உறிஞ்சுக் குடுவை, வெற்றிட டெசிக்கேட்டர் (உலர்த்தும் மூடுகலம்).

நீரை ஏன் கொதிக்க வைக்க வேண்டும்? அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அது கால் மில்லிமோல். நான்கு மடங்கு குப்ரஸ் குளோரைடை, அதாவது 0.1 கிராமைக் கெடுக்க அது போதும். சல்பைட்டு பெரும்பகுதியைத் தானே உண்டுவிடும் என்றாலும், அதற்கு அந்த வேலையைக் கொடுக்காமலிருப்பது நல்லது.

சோடியம் சல்பைட்டைக் கண்டிப்பாகச் சோதித்துக்கொள்ளுங்கள். திறந்து பல காலமான புட்டியில் பாதி சல்பேட்டாக மாறியிருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு சிட்டிகையை நீரில் கரைத்து, பேரியம் குளோரைடு சேர்த்து, வரும் வெள்ளை வீழ்படிவின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். அநேகமாக முழுவதும் கரைந்தால் சல்பைட்டு நன்றாக இருக்கிறது. கனமான வெண்மை அப்படியே நின்றால் புதிய புட்டி எடுங்கள். உங்களிடம் இருப்பது ஏழு நீர் மூலக்கூறு கொண்ட படிக வகை என்றால் 7.6 கிராமுக்குப் பதில் 15.2 கிராம் வேண்டும்.

குப்ரிக் குளோரைடு இல்லையென்றால் மயில்துத்தம் (நீல நிற குப்ரிக் சல்பேட் படிகம்) 14.6 கிராமும் சோடியம் குளோரைடு 7 கிராமும் 50 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஆறவைத்துப் பயன்படுத்தலாம். சல்பேட் கூடுதலாக வருவதால் கழுவலை ஒருமுறை கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று கரைசல்கள்

முதல் கரைசல்: குப்ரிக் குளோரைடு 10 கிராமை 20 மி.லி. நீரில் கரையுங்கள். அடர் பச்சையாக இருக்கும்.

இரண்டாம் கரைசல்: சோடியம் சல்பைட்டு 7.6 கிராமை 50 மி.லி. நீரில் கரையுங்கள். பயன்படுத்துவதற்குச் சற்று முன்புதான் தயாரிக்க வேண்டும்.

மூன்றாவது, கழுவும் நீர்: 1 லிட்டர் நீரில் 1 கிராம் சோடியம் சல்பைட்டு, பிறகு 2 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சல்பைட்டு முழுவதும் கந்தச அமிலமாக (சல்ஃப்யூரஸ் அமிலம்; கந்தக அமிலம் அல்ல) மாறி, கொஞ்சம் அமிலம் மீந்திருக்கும். இந்த நீர் ஒரே நேரத்தில் அமிலமாகவும், ஆக்சிஜன் உண்ணியாகவும், தேவையான அளவு மட்டும் குளோரைடு கொண்டதாகவும் இருக்கிறது. இதை மூடி வையுங்கள்.

வினை

2 மோல் குப்ரிக் குளோரைடு, 1 மோல் சோடியம் சல்பைட்டு, 1 மோல் நீர் சேர்ந்து 2 மோல் குப்ரஸ் குளோரைடு, 1 மோல் சோடியம் சல்பேட், 2 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தருகின்றன. இந்தச் சமன்பாட்டின்படி 3.7 கிராம் சல்பைட்டே போதும். நாம் எடுப்பது இரண்டு மடங்கு. வினையில் பிறக்கும் அமிலம் மிச்ச சல்பைட்டைக் கந்தக டை ஆக்சைடாக மாற்றிக்கொண்டே வரும் என்பதே காரணம். கொஞ்சம் ஆவியாகிப் போனாலும் குப்ரிக் அயனி மீதமின்றி ஒடுங்குவதற்கு இந்த உபரி வேண்டும்.

முதல் கரைசலைக் கலக்கிக்கொண்டே, இரண்டாம் கரைசலை அதில் சொட்டுச் சொட்டாக, 15 நிமிடத்தில் சேர்த்து முடியுங்கள். முதல் சொட்டுகளில் பச்சை கறுத்துப் பழுப்பாகும். பயப்பட வேண்டாம், குப்ரஸும் குப்ரிக்கும் குளோரைடோடு கூடி நிற்கும்போது வரும் நிறம் அது. தொடர்ந்து சேர்க்கச் சேர்க்க நிறம் வெளுத்து, கனமான வெள்ளைத் துகள் அடியில் உட்காரத் தொடங்கும். அதன் அடர்த்தி சுமார் 4.1 என்பதால் கலக்கியை நிறுத்தியதும் விரைவாகப் படியும். மேல்நீர் நிறமற்றோ மிக வெளிறிய பச்சையாகவோ இருந்தால் வினை முடிந்தது. நீலப் பச்சை தெளிவாகத் தெரிந்தால் சல்பைட்டு போதவில்லை.

சேர்க்கும் வரிசையை மாற்றவே கூடாது. சல்பைட்டில் தாமிரக் கரைசலை ஊற்றினால், தாமிரம் எப்போதும் மிகையான சல்பைட்டையும் கார நிலையையும் சந்திக்கும். அப்போது வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள், ஆரஞ்சு நிற சல்பைட்டு அணைவுகள் வரும். சூடும் சேர்ந்தால் செவ்ரூல் உப்பு எனப்படும் சிவப்பு குப்ரஸ்–குப்ரிக் சல்பைட்டு படியும். அது வந்துவிட்டால் கழுவிப் போக்க முடியாது. அதனால் சூடாக்காதீர்கள், அறை வெப்பநிலையே போதும்.

கழுவலும் உலர்த்தலும்

கழுவும் நீரில் பாதியை, அதாவது 500 மி.லி.யை, பீக்கரில் ஊற்றிக் கலக்குங்கள். பீக்கரைக் கருப்புத் துணியாலோ அலுமினியத் தாளாலோ மூடிப் படிய விடுங்கள். ஈரமான குப்ரஸ் குளோரைடு நேரடி வெளிச்சத்தில் சாம்பல் ஊதாவாக மாறும், சன்னலோரம் வேண்டாம். படிந்ததும் மேல்நீரைச் சாய்த்துவிட்டு, 200 மி.லி. கொண்டு இன்னொரு முறை இதையே செய்யுங்கள்.

இனி வடிகட்டல். சரக்கை மிச்சக் கழுவும் நீரோடு கலக்கி வடிகட்டியில் ஊற்றி, மெல்லிய உறிஞ்சல் கொடுங்கள். இங்கே ஒரே விதி: வடிகட்டியில் படிந்த துகள் படுகையின் மேல் எப்போதும் ஒரு மில்லிமீட்டராவது திரவம் நிற்க வேண்டும். திரவ மட்டம் துகள்களைத் தொடும் கணத்தில் உறிஞ்சலை நிறுத்தி அடுத்த பங்கை ஊற்றுங்கள். ஒரு நிமிடம் கவனம் தப்பினால் படுகை சுருங்கி, கண்ணாடிச் சுவரிலிருந்து விலகும். அந்த இடுக்கு வழியே காற்று பாயும். முதலில் பச்சையாவது அந்த விளிம்புதான். நடுப்பகுதி இன்னும் வெள்ளையாகவே இருக்கும். விரிசல் கண்டால் உடனே கழுவும் நீரை ஊற்றி, தட்டை முனையுள்ள கண்ணாடிக் கோலால் படுகையை மெதுவாக அழுத்திச் சமன் செய்யுங்கள்.

கழுவும் நீர் தீர்ந்ததும் வாலை வடிநீரால் "கடைசியாக ஒருமுறை" அலசும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மேலே போட்ட கணக்கு நினைவிருக்கும். அந்த ஒரு அலசல் அத்தனை உழைப்பையும் கெடுக்கும்.

நேராக உறை அசிட்டிக் அமிலம், 15 மி.லி. வீதம் மூன்று முறை. நீரை வெளியேற்றும்போது படுகையை அமில நிலையிலேயே வைத்திருப்பதால் கார குளோரைடு உருவாக இடமில்லை. எத்தனாலை நேராக ஊற்றினால், பாதி நீரும் பாதி ஆல்கஹாலுமாக ஒரு கட்டம் வருகிறது. அமிலம் அலசப்பட்டுவிட்ட அந்தக் கட்டத்தில்தான் பச்சை தலைகாட்டும். குளிர்ந்த அறையில் வேலை செய்பவர்கள் கவனிக்க: இந்த அமிலம் 16.6 டிகிரியில் உறைந்துவிடும். வடிகட்டியின் துளைகளில் உறைந்தால் உறிஞ்சல் நின்றுபோகும், அமிலத்தை 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றுங்கள்.

பிறகு எத்தனால் 15 மி.லி. வீதம் மூன்று முறை. கடைசி வடிநீரில் புளித்த நெடி இருக்கக் கூடாது. பிறகு ஈதர் 15 மி.லி. வீதம் இரண்டு முறை. ஈதர் இருக்கும் நேரத்தில் சூடேற்றும் தட்டோ சுடரோ அருகில் வேண்டாம். ஈதரை வைத்துக்கொள்ள வசதியில்லையென்றால் எத்தனாலோடு நிறுத்திக்கொள்ளலாம். உலர்த்த நேரம் கூடும், அவ்வளவுதான்.

ஈதர் ஈரம் இருக்கும்போதே சரக்கை டெசிக்கேட்டருக்கு மாற்றி, வெற்றிடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். நன்கு உலர்ந்த பொருள் கட்டி கட்டாமல் மாவு போல உதிரும். வெற்றிடத்தை விடுவிக்கும்போது, முடிந்தால் உலர் நைட்ரஜனை உள்ளே விடுங்கள்.

எடை போட்டுப் பாருங்கள். முழு விளைச்சல் 5.8 கிராம். 5 கிராமைத் தாண்டினால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. 4 கிராமுக்குக் கீழே வந்தால், பெரும்பாலும் கழுவும் நீரில் அமிலம் அளவுக்கு மிஞ்சிக் கரைந்து போயிருக்கும், அல்லது மிகையான சல்பைட்டில் அணைவாகப் போயிருக்கும்.

பண்புகளும் சோதனைகளும்

மோலார் நிறை 99.0. துத்தநாக பிளெண்டு வகைப் படிக அமைப்பு. உருகுநிலை சுமார் 430 டிகிரி. ஆவி நிலையில் பெரும்பாலும் மூன்று அலகுகள் கூடிய வளைய மூலக்கூறாக இருக்கும். தாமிர அயனியில் டி எலக்ட்ரான்கள் பத்தும் நிறைந்திருப்பதால் டயா காந்தத் தன்மை கொண்டது. நிறமில்லாததற்கும் அதுவே காரணம். எனவே சரக்கில் எந்தப் பச்சை தெரிந்தாலும் அது குப்ரிக்தான்.

விரைவான சோதனைக்கு ஒரு சிட்டிகையைச் சோதனைக் குழாயில் போட்டு, அடர் அம்மோனியா விட்டு, உடனே அடைத்துக் கரையுங்கள். தூய சரக்கு கிட்டத்தட்ட நிறமற்ற கரைசலைத் தரும். அடைப்பைத் திறந்து அசையாமல் வைத்தால், காற்றைத் தொடும் மேற்பரப்பில் மெல்லிய நீல வளையம் தோன்றி மெல்லக் கீழே இறங்கும். கரைத்த உடனேயே முழுவதும் ஆழ்ந்த நீலம் என்றால் சரக்கு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. ஒரு கடுமையான எச்சரிக்கை: இந்த அம்மோனியா கரைசல் அசிட்டிலீன் வாயுவைச் சந்திக்க விடாதீர்கள். அப்போது படியும் சிவப்புத் தாமிர அசிட்டிலைடு உலர்ந்தால் வெடிக்கும்.

அளவறி சோதனை வேண்டுமென்றால் ஃபெர்ரிக் குளோரைடு முறை எளிது. ஃபெர்ரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 2.7 கிராமை 20 மி.லி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஒரு கூம்புக் குடுவையில் சில கண்ணாடி மணிகளோடு எடுங்கள். துல்லியமாக எடை போட்ட 0.25 கிராம் சரக்கைப் போட்டு, அடைத்து, கரையும் வரை சுழற்றுங்கள். மணிகள் இல்லையென்றால் துகள்கள் கட்டியாகி அடியில் நின்றுவிடும். ஒவ்வொரு குப்ரஸும் ஒரு ஃபெர்ரிக்கை ஃபெர்ரஸாக மாற்றும். 50 மி.லி. நீர் சேர்த்து, ஃபெரோயின் காட்டியோடு 0.1 மோலார் செரிக் சல்பேட்டால் உடனே தரம் பாருங்கள் (டைட்ரேஷன்). 1 மி.லி. செரிக் கரைசல் 9.9 மில்லிகிராம் குப்ரஸ் குளோரைடுக்குச் சமம். நூறு சதவீதத் தூய்மைக்கு 25.25 மி.லி. செலவாகும். பெர்மாங்கனேட்டை எடுக்காதீர்கள், குளோரைடையும் அது தாக்கி அளவைக் கூட்டிக் காட்டும்.

நிறம் சொல்லும் பிழைகள்

வெளிறிய பச்சை: காற்றும் ஈரமும் பட்டது. கீழே சொல்லும் முறையில் மீட்கலாம். மஞ்சள் அல்லது ஆரஞ்சு: கார நிலைக்குப் போயிருக்கிறது அல்லது சேர்க்கும் வரிசை மாறியிருக்கிறது. செங்கல் சிவப்பு: சூடு மிஞ்சியதால் செவ்ரூல் உப்பு; புதிதாகத் தொடங்குவதே மேல். சாம்பல் ஊதா: வெளிச்சம். மங்கிய இளஞ்சிவப்பு: தூய நீரில் அலசியதால் விகிதச்சிதைவு நடந்து நுண்ணிய தாமிரம் கலந்திருக்கிறது. உலர்த்திய பிறகும் பழுப்பு நின்றால், தாய்க்கரைசல் (வினை நடந்த மூலக் கரைசல்) சரியாகக் கழுவப்படவில்லை.

சேமிப்பும் மீட்பும்

சிறு சிறு பழுப்புப் புட்டிகளில், ஒரு புட்டி ஒரு வேலைக்கு என்ற அளவில் பிரித்து, நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடையுங்கள். ஒரே பெரிய புட்டியைத் திரும்பத் திரும்பத் திறப்பதால்தான் அநேகம் சரக்கு வீணாகிறது. சாண்ட்மேயர் வினைக்கோ (டையசோனியம் உப்பிலிருந்து அரைல் குளோரைடு தயாரிக்கும் வினை) கார்பன் மோனாக்சைடு உறிஞ்சும் கரைசலுக்கோ என்றால் உலர்ந்த பொருளே தேவையில்லை. கழுவிய ஈரச் சரக்கை அப்படியே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து அன்றே பயன்படுத்துவது நல்லது.

லேசாகப் பச்சையான சரக்கை எறிய வேண்டாம். மேலே சொன்ன கழுவும் நீரில் போட்டுக் கலக்கினால், கார குளோரைடு அமிலத்தில் கரைந்து, வெள்ளை மட்டும் நிற்கும். பிறகு வழக்கமான கழுவல்தான். முழுவதும் பச்சையானது என்றால், 5 கிராமுக்கு 40 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு கைப்பிடித் தாமிரச் சீவலும் சேர்த்து, கரும்பழுப்பு நீங்கி வெளிறும் வரை ஹூட்டுக்குள் மெல்லச் சூடாக்குங்கள். தெளிந்த திரவத்தை, 1 கிராம் சோடியம் சல்பைட்டு கரைத்த 1 லிட்டர் குளிர்ந்த நீரில் ஊற்றினால் வெள்ளை வீழ்படிவு திரும்பக் கிடைக்கும். இந்த முறையில் அமிலம் அதிகமிருப்பதால் கொஞ்சம் கரைந்து போவதைத் தவிர்க்க முடியாது.

வடிநீர் எதையும் தொட்டியில் கொட்டாதீர்கள். தாமிரம் நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. நீர் வடிநீர்களைச் சேர்த்து, நுரை அடங்கும் வரை சோடியம் கார்பனேட் தூவி, பி.எச். 8 முதல் 9 வரை கொண்டுவந்து ஓரிரவு படிய விடுங்கள். வடிகட்டிய தாமிரச் சேற்றை உலோகக் கழிவுப் புட்டியில் சேர்க்கலாம். அசிட்டிக் அமிலம், எத்தனால், ஈதர் வடிநீர்களைத் தனியே கரிமக் கரைப்பான் கழிவாக வையுங்கள். ஈதர் கலந்த புட்டியை ஹூட்டுக்குள்ளேயே, தளர்வான மூடியோடு, கழிவு எடுப்பவரிடம் கொடுக்கும் வரை வைத்திருக்க வேண்டும்.